"இன்னும் கொஞ்சம் உண்மையா சொல்லுங்க"

பல வருடங்களாக விளம்பரங்களுக்கு எழுதிக்கொண்டிருக்கிறவன் நான். வானொலி, டிவி, இப்போது போனில் ஓடுகிற குட்டி வீடியோக்கள் என்று எல்லாவற்றுக்கும் எழுதியிருக்கிறேன். இத்தனை காலத்தில் வேலையிடத்தில் நான் அதிகம் கேட்ட வாக்கியம் தலைப்பில் இருப்பதுதான். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் வாய்ஸ் ஆர்ட்டிஸ்ட் ஹெட்போனை மாட்டிக்கொண்டு நிற்பார், இந்தப் பக்கம் நாங்கள் நாலைந்து பேர் உட்கார்ந்திருப்போம், "உங்கள் கஷ்டம் எங்களுக்குத் தெரியும்" என்கிற ஒரே வரியை அவர் 14-வது தடவையாகச் சொல்லி முடித்ததும் யாராவது ஒருவர் பட்டனை அழுத்தி, "நல்லா இருக்கு மேடம், ஆனா இன்னும் கொஞ்சம் உண்மையா சொல்லுங்க" என்பார். அவரும் சொல்வார். குரலை ஒரு படி இறக்கி, வரிக்கு முன்னால் லேசாக மூச்சை இழுத்து, "கஷ்டம்" என்ற சொல்லுக்கு முன் அரை நொடி தயங்கி. அந்த டேக் ஓகே ஆகிவிடும்.

அந்த ஆர்ட்டிஸ்ட் மீது எனக்கு ஒரு குறையும் இல்லை. அது கடினமான வேலை. ஆர்லி ஹாக்ஷில்ட் என்ற சமூகவியலாளர் விமானப் பணிப்பெண்களின் புன்னகையை ஆராய்ந்து 1983-இல் ஒரு புத்தகம் எழுதினார். சம்பளத்துக்காக உணர்ச்சியை வரவழைப்பதும் உழைப்புதான், அதற்கும் ஒரு விலையை அந்த மனிதர்தான் கொடுக்கிறார் என்று காட்டினார். ஒலிப்பதிவு முடிந்து வெளியே வரும் ஆர்ட்டிஸ்டின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இது தெரியும்.

எனக்கு உறுத்தியது அந்த "எங்களுக்கு". உங்கள் கஷ்டம் எங்களுக்குத் தெரியும் என்கிறோமே, யாருக்குத் தெரியும்? அறையில் இருந்த ஒருவரும் அந்தக் கஷ்டம் உள்ள ஒரு மனிதரைக் கூட அந்த வாரம் சந்தித்திருக்கவில்லை. வரியை எழுதிய நானும்தான். தெரியாத ஒன்றைத் தெரியும் என்று சொல்லவைத்துவிட்டு, அதை உண்மையாகச் சொல் என்று ஒருவரைக் கேட்டுக்கொண்டிருந்தோம்.

அதனால், நிஜமான மனிதர்களை வைத்து எடுக்கலாம் என்று ஒரு கிளையன்ட் சொன்னபோது ரொம்ப சந்தோஷப்பட்டேன். காது மெஷின் விளம்பரம் அது. நடிகர்கள் வேண்டாம், மெஷினை வாங்கிப் பயன்படுத்துகிறவர்களே வந்து பேசட்டும் என்றார்கள். சரியான முடிவு என்றுதான் அன்று நினைத்தேன்.

வந்தவர் 70 வயதை நெருங்கிய ஒரு அம்மா. லைட் செட் பண்ண நேரம் ஆகும் அல்லவா, அந்த முக்கால் மணி நேரம் அவரோடு சும்மா பேசிக்கொண்டிருந்தேன். சும்மா என்று நான்தான் நினைத்தேன். அவர் என்னிடம் முழுக் கதையையும் சொன்னார். மெஷினை மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்த முதல் நாள், ஃப்ரிட்ஜ் ஓடுகிற சத்தம் வாசலில் லாரி நிற்பதுபோல் இருந்ததாம். பேப்பரைப் புரட்டினால் தகரத்தைக் கிழிக்கிற மாதிரி. தன் குரலே குடத்துக்குள் இருந்து வருகிற மாதிரி. மூன்றாம் நாள் கழற்றிக் கட்டிலுக்குப் பக்கத்து டிராயரில் போட்டுவிட்டார். 11 நாள் அது அங்கேயே கிடந்தது. வீட்டில் யாரிடமும் சொல்லவில்லை, அவ்வளவு செலவு பண்ணி வாங்கிக் கொடுத்த பிள்ளைகளிடம் எப்படிச் சொல்வது? யாராவது பேசினால் பழையபடி தலையை ஆட்டிச் சமாளித்தார். ஒரு சாயங்காலம் பேத்தி வந்து ஏதோ சொன்னாள், இவர் வழக்கம்போல் தலையாட்டிச் சிரித்தார். அந்தக் குழந்தை கொஞ்ச நேரம் இவர் முகத்தையே பார்த்துவிட்டு, "பாட்டி, நான் சிரிக்கிற விஷயம் சொல்லல" என்றதாம்.

இதைச் சொல்லும்போது அவர் கண் கலங்கியது. கேமராமேன் லைட்டைச் சோதிக்க ஏற்கெனவே ரெக்கார்டிங்கை ஓடவிட்டிருந்தார்.

அன்று இரவே டிராயரைத் திறந்து மெஷினை எடுத்திருக்கிறார். மறுபடி ஆடியாலஜிஸ்டிடம், அதாவது காது கேட்கும் திறனைச் சோதிக்கிற நிபுணரிடம், போனார். அவர் சத்தத்தின் அளவைக் குறைத்து வைத்து, தினமும் ஒரு மணி நேரம், அதுவும் அமைதியான அறையில் மட்டும் போட்டுக்கொள்ளுங்கள், பிறகு மெல்ல நேரத்தைக் கூட்டலாம் என்றார். காரணமும் சொன்னாராம்: பல வருடம் சில சத்தங்களே இல்லாமல் பழகிவிட்ட மூளைக்கு, அவை எல்லாம் ஒரே நாளில் திரும்பி வரும்போது எது முக்கியம், எது வேண்டாம் என்று பிரிக்கத் தெரியாது, அது மறுபடி பழகச் சில வாரம் ஆகும். மூன்று வாரத்தில் காதில் மெஷின் இருப்பதையே மறந்துவிட்டேன் என்றார் அந்த அம்மா.

நான் இத்தனை வருடத்தில் கேட்ட மிகச் சிறந்த விளம்பரம் அது. ஒரு சொல் நான் எழுதவில்லை.

வெளியே வந்த விளம்பரம் 40 நொடி. "முன்னாடி எதுவுமே சரியா கேக்காது. இப்ப என் பேத்தி பேசுறது தெளிவா கேக்குது." அவ்வளவுதான். லாரி இல்லை, தகரம் இல்லை, டிராயர் இல்லை. "தெளிவா கேக்குது" முடிந்ததும் அந்தக் கண் கலங்கல் வருகிறது, க்ளோசப்பில். பேத்தியைப் பற்றி வெட்கத்தோடு சொன்னபோது வந்த கண்ணீரை எடுத்துச் சந்தோஷத்துக்குப் பின்னால் ஒட்டியிருந்தார்கள். எடிட் அறையில் நான் இருந்தேன். டிராயரை வைத்துக்கொள்ளலாமே என்று ஒரு தடவை கேட்டேன். "வாங்க நினைக்கிறவர் பயந்துடுவார்" என்றார்கள். சரி என்று சொல்லிவிட்டேன். அந்த "சரி"யை இன்றுவரை என்னால் மறக்க முடியவில்லை.

ஏனென்றால், அந்த விளம்பரத்தில் பொய்யான சொல் ஒன்று கூடக் கிடையாது. மனிதர் நிஜம், மெஷினைப் பயன்படுத்தியது நிஜம், பேசிய ஒவ்வொரு சொல்லும் அவர் வாயிலிருந்து வந்தது, கண்ணீர் கூட அவருடையதுதான். அப்படி இருந்தும் அது உண்மை இல்லை.

இரண்டு மாதம் கழித்து, அடுத்த ஸ்கிரிப்டுக்கு உதவும் என்று, வாடிக்கையாளர்கள் போன் செய்கிற இடத்தில் ஒரு நாள் உட்கார்ந்து கேட்கச் சொன்னார்கள். இன்னொரு ஹெட்செட்டை மாட்டிக்கொண்டு ஏஜென்ட் பையன் பக்கத்தில் உட்கார்ந்தேன். மத்தியானம் ஒரு பெரியவர் கூப்பிட்டார். மெஷினைத் திருப்பிக் கொடுக்க வேண்டும் என்றார். ஏன் என்று கேட்டதற்கு உடனே பதில் வரவில்லை. அப்புறம் சொன்னார்: "விளம்பரத்துல அந்த அம்மாவுக்குப் போட்ட உடனே தெளிவா கேட்டுச்சே. எனக்கு ஒரே இரைச்சலா இருக்கு. எனக்குத்தான் மூளையில ஏதோ கோளாறுன்னு நினைக்கிறேன். வீட்ல யார்கிட்டயும் சொல்லல." பையன் திரையைப் பார்த்தான். திரையில் அதற்குப் பதில் இல்லை. என்னைப் பார்த்தான்.

அவருக்கு என்ன சொன்னோம் என்பதற்கு அப்புறம் வருகிறேன்.

அன்றிலிருந்து நான் இதைப் பற்றித் தேடித் தேடிப் படிக்க ஆரம்பித்தேன். விளம்பரத்தை ஒழிக்க வேண்டும் என்று நினைக்கிற ஆள் நான் இல்லை. ஒருவர் மனதை மாற்றப் பார்ப்பதில் என்ன தப்பு? டாக்டரிடம் போ என்று நண்பன் நம்மை நச்சரிக்கிறான், இந்த வேலையை விடாதே என்று அக்கா மன்றாடுகிறாள், அதெல்லாம் என்ன? மனிதர்கள் ஒருவரோடு ஒருவர் ஒட்டியிருப்பதே பாதி இப்படிப் பேசிப் பேசித்தான். எனக்குத் தெரிய வேண்டியிருந்தது ஒன்றுதான்: நண்பன் பேசும் பேச்சும் நான் எழுதும் பேச்சும் எந்த இடத்தில் பிரிகின்றன?

ராபர்ட் மெர்ட்டன் என்ற சமூகவியலாளரின் புத்தகத்தில் பாதி விடை கிடைத்தது. 1943 செப்டம்பர் 21, இரண்டாம் உலகப் போர் நடந்துகொண்டிருந்த நேரம். அமெரிக்காவில் கேட் ஸ்மித் என்ற பிரபலமான பாடகி சிபிஎஸ் வானொலியில் காலையில் ஆரம்பித்து நள்ளிரவு தாண்டும்வரை, விட்டு விட்டு 18 மணி நேரம், போர்க் கடன் பத்திரம் வாங்கச் சொல்லி மக்களிடம் பேசினார். அன்று ஒரே நாளில் சுமார் 3.9 கோடி டாலருக்குப் பத்திரங்கள் வாங்க ஜனங்கள் உறுதி கொடுத்தார்கள். அவர் என்ன மந்திரம் போட்டார் என்று பார்க்க மெர்ட்டன் தன் குழுவோடு கிளம்பினார். நியூயார்க்கில் 100 பேரிடம் உட்கார்ந்து விரிவாகப் பேசினார், கேட் ஸ்மித்தின் பேச்சுகளை வரி வரியாகப் பிரித்துப் பார்த்தார், எல்லாவற்றையும் 1946-இல் எழுதி வெளியிட்டார்.

பேச்சில் அதிகம் வந்தது தியாகம் பற்றிய பேச்சு. ஆனால் கேட்டவர்களை அசைத்தது அவர் சொன்னதைவிட அவர் செய்தது. காலையில் கேட்டவர்கள் மாலையில் ரேடியோவைத் திருப்பினால் அதே குரல், கொஞ்சம் களைத்துப் போய், இன்னும் அங்கேயே இருக்கிறது. இவள் உடம்பைக் கொடுத்து இதைச் செய்கிறாள், அதனால் மனதாரச் செய்கிறாள் என்று அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். பத்திரம் விற்கிற மற்றவர்களைப் போல இவளுக்கு இதில் சொந்த லாபம் எதுவும் இல்லை என்று நம்பினார்கள்.

மெர்ட்டன் அங்கேயே நிற்கவில்லை, அதனால்தான் எனக்கு அவர் மேல் அவ்வளவு மரியாதை. தினமும் எல்லாப் பக்கமும் யாராவது எதையாவது தலையில் கட்டப் பார்க்கிறார்கள் என்று அலுத்துப்போன ஜனங்கள்தான் ஒரு நேர்மையான குரலுக்கு அவ்வளவு ஏங்கியிருந்தார்கள் என்கிறார். அந்த ஏக்கமே அவர்களைச் சுலபமாகப் பிடித்துவிடக்கூடிய இடமாகவும் ஆகிவிடுகிறது. எதிரில் இருப்பவர் மேல் அக்கறை இருப்பதாகக் காட்டிக்கொள்வதே அவரைப் பயன்படுத்திக்கொள்வதற்காக என்கிற நிலை. அதற்கு அவர் ஒரு பெயரும் வைத்தார். தமிழில் 'போலி உறவு' என்று சொன்னால் சரியாக இருக்கும். நான் இதை வாசித்தபோது அந்த ஒலிப்பதிவுக் கூடமும் அரை நொடித் தயக்கமும்தான் ஞாபகத்துக்கு வந்தன.

கேட் ஸ்மித் மனதாரத்தான் பேசினாரா? பேசியிருப்பார் என்றே நினைக்கிறேன். அந்த 18 மணி நேரம் திட்டம் போட்டுச் செய்யப்பட்டதா? அதுவும் ஆமாம். இரண்டும் ஒரே நாளில் ஒரே ஆளிடம் இருக்க முடியும் என்பதை ஏற்றுக்கொள்ள எனக்கு நிறைய நாள் பிடித்தது. ஆகவே பேசுகிறவருடைய உள்ளத்தைத் தோண்டிப் பார்த்து உண்மையா பொய்யா என்று தீர்ப்புச் சொல்வதை விட்டுவிட்டேன். அது வெளியே இருக்கிற யாருக்கும் தெரியப்போவதில்லை.

இன்னொரு பாதி விடையை 1956-இல் டொனால்ட் ஹார்ட்டன், ரிச்சர்ட் வோல் என்ற இருவர் எழுதிய கட்டுரையில் கண்டேன். டிவி வீட்டுக்குள் வந்துகொண்டிருந்த காலம். திரையில் இருக்கிறவர் நம்மை நேராகப் பார்த்து, நம்மிடம் மட்டும் பேசுவதுபோல் பேசுகிறார். நாமும் அவரைத் தெரிந்தவராக, வேண்டியவராக நினைக்க ஆரம்பிக்கிறோம். இதைத் தூரத்து நெருக்கம் என்கிற அர்த்தத்தில் அவர்கள் விவரித்தார்கள். அவர்கள் எடுத்துக்கொண்ட உதாரணங்களில் ஒன்று, பெயர் சொல்லாத ஒரு பெண் குரல் கேட்கிற ஒவ்வொரு ஆணையும் தன் காதலனாகவே பாவித்துப் பேசிய ஒரு வானொலி நிகழ்ச்சி. தனியாக இருக்கும் ஒருவருக்கு அது என்னவாக இருந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். எனக்கும் உடம்பு சரியில்லாமல் தனியாகக் கிடந்த நாட்களில் ஒரு ரேடியோ குரல் துணையாக இருந்திருக்கிறது, அதை நான் குறைத்துச் சொல்லமாட்டேன். அந்தக் கட்டுரையும் அப்படிக் குறைத்துச் சொல்லவில்லை. வேறு மனிதத் தொடர்பே இல்லாதவருக்கு இதுவே எல்லாமாகிவிடும்போதுதான் கவலை என்கிறது. ஆனால் ஒன்றைத் தெளிவாகச் சொல்கிறது: இந்த உறவு ஒரு வழிப் பாதை. அதன் போக்கை மாற்றப் பார்ப்பவரால் முடியாது. பிடிக்காவிட்டால் எழுந்து போகலாம், அவ்வளவுதான்.

இந்த இடத்தில்தான் எனக்குப் பொறி தட்டியது. நண்பன் டாக்டரிடம் போ என்கிறான், நான் வேண்டாம் என்கிறேன். அதற்கப்புறம் என்ன நடக்கிறது? அவன் ஏன் என்று கேட்கிறான். என் பயத்தைக் கேட்டு அவன் பேச்சு மாறுகிறது. சில சமயம் அவன் முடிவே மாறுகிறது. நான் கடைசிவரை போகாவிட்டாலும் அடுத்த வாரம் போன் பண்ணுகிறான். என் "வேண்டாம்" அவனை ஏதோ செய்கிறது. நான் எழுதிய விளம்பரத்துக்கு ஒருவர் வேண்டாம் என்று சொன்னால் அது எங்கேயும் போய்ச் சேராது. அந்தப் பெரியவருடைய "எனக்கு ஒரே இரைச்சலா இருக்கு" என்கிற பேச்சுக்குத் திரையில் பதில் இல்லாமல் போனது தற்செயல் கிடையாது. அப்படி ஒருவர் சொல்வார் என்று நாங்கள் யாரும் நினைக்கவே இல்லை, நினைக்க வேண்டிய இடத்தை எடிட் அறையில் வெட்டிவிட்டோம்.

குறையை மறைக்காமல் சொன்னால் நம்பிக்கை வரும் என்பது எங்கள் தொழிலில் எல்லோருக்கும் தெரிந்ததுதான். 1960-இல் ஃபோக்ஸ்வாகன் காரின் படத்தைப் போட்டு அதன் கீழே 'லெமன்' என்று ஒரே சொல்லை அச்சடித்தார்கள். தேறாத சரக்கு என்று அர்த்தம். உள்ளே படித்தால், பொருள் வைக்கிற சின்ன அறையின் மேல் ஓடுகிற குரோம் பட்டையில் ஒரு கறை இருந்ததால் பரிசோதகர் அந்தக் காரைத் தள்ளிவிட்டார் என்று இருக்கும். 1962-இல் ஏவிஸ் என்ற வாடகைக் கார் நிறுவனம், நாங்கள் இரண்டாம் இடத்தில்தான் இருக்கிறோம், அதனால் கூடுதலாக உழைக்கிறோம் என்றது. இரண்டும் அழகான வேலைகள், இன்றும் வகுப்பில் காட்டுவார்கள். ஆனாலும் அவற்றை இப்போது பார்க்கும்போது எனக்கு ஒரு வித்தியாசம் தெரிகிறது. அந்தக் குறைகளால் வாங்குகிறவருக்கு ஒரு நஷ்டமும் இல்லை. கறை பட்ட கார் அவரிடம் வரப்போவதில்லை. இரண்டாம் இடத்தில் இருப்பது நிறுவனத்தின் கவலை. டிராயர் அப்படி இல்லை. அது வாங்குகிறவருடைய மூன்றாம் நாள் ராத்திரி. அதை முன்கூட்டிச் சொன்னால் சில பேர் வாங்காமல் போகலாம், சொல்லாவிட்டால் வாங்கியவர் தனியாக மாட்டிக்கொள்வார். உண்மையில் கடினமான ஒப்புதல் இந்த இரண்டாவது வகைதான்.

பயந்துவிடுவார்கள் என்றார்களே, அதைப் பற்றியும் ஆராய்ச்சி இருக்கிறது. இரண்டாம் உலகப் போரின் கடைசியில் கார்ல் ஹோவ்லண்ட் என்ற உளவியலாளரும் அவருடைய சகாக்களும் அமெரிக்கச் சிப்பாய்களுக்கு வானொலி உரைகளைப் போட்டுக்காட்டினார்கள். ஜப்பானோடு போர் முடிய இன்னும் நீண்ட காலம் ஆகும் என்பது உரையின் கருத்து. ஒரு பிரிவுக்கு அந்தப் பக்கத்து வாதம் மட்டும், இன்னொரு பிரிவுக்கு எதிர்வாதமும் சேர்த்து. ஏற்கெனவே ஒத்த கருத்து உள்ளவர்களிடம் ஒரு பக்க உரை நன்றாக வேலை செய்தது. எதிர்க் கருத்து உள்ளவர்களிடமும் கூடுதலாகப் படித்தவர்களிடமும் இரண்டு பக்கமும் சொன்னதே எடுபட்டது. 1953-இல் லம்ஸ்டேன், ஜானிஸ் என்ற இருவர் செய்த சோதனை எனக்கு இதைவிட முக்கியமாகப் படுகிறது. ஒரு பக்கம் மட்டும் கேட்டு மனம் மாறியவர்கள், பிறகு எதிர்வாதத்தைக் கேட்டதும் ஆட்டம் கண்டார்கள். இரண்டு பக்கமும் கேட்டு மாறியவர்கள் ஓரளவு உறுதியாக நின்றார்கள். ஃப்ரிட்ஜ் லாரி மாதிரிச் சத்தம் போடும் என்று தெரிந்து வாங்கியவர், அது அப்படிச் சத்தம் போடும்போது, ஓ இதுதானா அது என்று நினைப்பார். தெரியாமல் வாங்கியவர் தன் மூளையைச் சந்தேகப்படுவார்.

எல்லோரும் கேட்கிற ஊடகத்தில் பேசினாலும் ஆளை மதித்துப் பேச முடியும். 1933 மார்ச் 12 அன்று, அமெரிக்காவில் வங்கிகள் எல்லாம் மூடிக் கிடந்த நேரத்தில், ஜனாதிபதி ரூஸ்வெல்ட் வானொலியில் கால் மணி நேரத்துக்கும் குறைவாகப் பேசினார். வங்கி எப்படி வேலை செய்கிறது, நீங்கள் போட்ட பணத்தை அவர்கள் அப்படியே பெட்டியில் பூட்டி வைப்பதில்லை, அதைக் கடனாகவும் முதலீடாகவும் வெளியே விட்டிருக்கிறார்கள், எல்லோரும் ஒரே நாளில் வந்து கேட்டால் ஏன் கொடுக்க முடியாது என்று சாதாரண பாஷையில் விளக்கினார். வங்கிகள் திறந்தபோது ஜனங்கள் பணத்தைத் திரும்பக் கொண்டுவந்து போட்டார்கள். அவர் அரசியல்வாதி, ஜனங்களை ஒன்றைச் செய்யவைக்கத்தான் பேசினார். ஆனால் கேட்கிறவருக்கு விஷயம் புரியும், புரிந்துகொண்டு முடிவெடுப்பார் என்று நம்பிப் பேசினார்.

இப்போது எல்லோர் கையிலும் கேமரா இருக்கிறது, உண்மையான முகத்துக்குத்தான் மதிப்பு என்கிறார்கள். கலைந்த தலை, பின்னால் மடிக்காத போர்வை, நடுவில் ஒரு தடுமாற்றம், இதெல்லாம் உண்மைக்கு அடையாளமாகிவிட்டது. அந்தத் தடுமாற்றத்தை ஸ்கிரிப்டில் எழுதித் தரச்சொல்லி என்னிடமே கேட்டிருக்கிறார்கள். 2006-இலேயே லோன்லிகேர்ள்15 என்ற பெயரில் ஒரு பெண் தன் அறையில் உட்கார்ந்து யூடியூபில் மனம் திறந்து பேசினாள், ஏராளமானவர்கள் அவளை நம்பி அவளுக்கு எழுதினார்கள். சில மாதத்தில் அவள் நடிகை, எல்லாம் எழுதி எடுத்தது என்று தெரிந்தது. இன்று அந்த முகமே கூட ஒரு மனிதருடையதாக இருக்க வேண்டிய அவசியம் இல்லை. அமெரிக்காவில் வியாபார மோசடிகளைக் கண்காணிக்கிற எஃப்டிசி என்ற அரசு அமைப்பு, போலி விமர்சனங்களையும், செயற்கை நுண்ணறிவு எழுதி ஒரு மனிதரின் பெயரில் வெளியிடும் போலி விமர்சனங்களையும் தடைசெய்து 2024-இல் விதி கொண்டுவந்தது. நல்ல விதி, எனக்கு முழுச் சம்மதம். காசு வாங்கிப் பேசுகிறேன் என்று சொல்லிவிட்டுப் பேசுகிறவரோடும் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை. காசு வாங்கினால் உறவு கெட்டுவிடும் என்றால் எந்த டாக்டரையும் ஆசிரியரையும் நம்ப முடியாது. ஆனால் எந்த விதியும் டிராயரை விளம்பரத்துக்குள் கொண்டுவராது. அதை எடிட் அறையில் இருக்கிற யாராவது ஒருவர் இரண்டாம் தடவையும் மூன்றாம் தடவையும் கேட்டால்தான் உண்டு.

நான் இப்போது கேட்கிறேன். ஸ்கிரிப்ட் வேலை வந்தால், பொருளைத் திருப்பிக் கொடுத்தவர்கள் இரண்டு பேரிடமாவது பேசவிடுங்கள் என்று முதலிலேயே சொல்லிவிடுகிறேன். அதனால் கைவிட்டுப் போன வேலைகள் உண்டு. வந்த வேலைகளில், வேண்டாம் என்று சொல்கிறவருக்கு என்ன பதில் வைத்திருக்கிறீர்கள் என்று கேட்பேன். "திரும்ப வாங்கிக்கொள்வோம்" என்றால், அதையே விளம்பரத்தில் ஒரு வரியாக எழுதித் தருவேன். பதில் இல்லை என்றால் "உங்கள் கஷ்டம் எங்களுக்குத் தெரியும்" என்ற வரியை எழுத மறுத்துவிடுவேன்.

அந்தப் பெரியவருக்கு வருகிறேன். பையன் என்னைப் பார்த்ததும் அவனிடம் கேட்டுக்கொண்டு நானே பேசினேன். விளம்பரத்தில் வந்த அந்த அம்மாவை எனக்குத் தெரியும் என்றேன். கொஞ்சம் சத்தமாகப் பேசச் சொன்னார். மறுபடி சொன்னேன். அவருக்கும் முதல் நாள் இரைச்சலாகத்தான் இருந்தது, 11 நாள் மெஷினை டிராயரில் போட்டு வைத்திருந்தார், அதை நாங்கள் விளம்பரத்தில் காட்டவில்லை, காட்டியிருக்க வேண்டும் என்றேன். உங்கள் மூளையில் கோளாறு இல்லை. ஆடியாலஜிஸ்டிடம் போய் அளவைக் குறைத்து வைக்கச் சொல்லுங்கள், முதலில் ஒரு மணி நேரம் மட்டும் போட்டுப் பாருங்கள், அதற்கப்புறமும் வேண்டாம் என்றால் திருப்பிக் கொடுத்துவிடுங்கள், நானே எழுதி வைக்கச் சொல்கிறேன் என்றேன்.

ரொம்ப நேரம் அந்தப் பக்கம் சத்தமே இல்லை. லைன் கட்டாகிவிட்டது என்று பையன் சைகை காட்டினான். அப்புறம் குரல் வந்தது.

"தம்பி, அந்த அம்மாவுக்குப் பேப்பர் புரட்டுற சத்தம் எப்படி இருந்துச்சாம்?"

தகரத்தைக் கிழிக்கிற மாதிரி இருந்ததாம் என்றேன்.

"அதேதான்" என்றார். "அதேதான் தம்பி. தகரம்தான்."